அண்ணன் காலில் பட்டை இருந்த வருடங்கள்

தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. டிபன் டப்பா அளவுதான். அண்ணன் கணுக்காலில் மாட்டியிருந்த பட்டை வீட்டுக்குள் இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஹூஸ்டனில் நான் சமைத்த ஓட்டலில் பாத்திரம் கழுவியவர். குடிவெறியில் கூட்டாளியைக் கத்தியால் குத்திவிட்டுப் பல வருடம் சிறையில் இருந்தவர். தண்டனை முடிந்தும் கோர்ட் அவரை விடவில்லை. ஆபத்தானவர் என்று எழுதி, மேலும் மூன்று வருடம் கண்காணிக்கச் சொல்லியிருந்தது. பிசகினால் மறுபடி உள்ளே.

அவரோடு தங்க யாரும் வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், முகம் பார்த்துப் பேசவே கூசுகிறவன். முடியாது என்று சொல்லத் தெரியாமல்தான் ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் அவரோடு குடியிருந்தேன். முதலில் எனக்குப் பயமாக இருந்தது. போகப்போக, அந்த வீட்டில் அதிகம் பயந்தவர் அவர்தான் என்று தெரிந்தது. வீட்டில் இருக்கிறாரா என்று அதிகாரிகள் போன் அடித்தால் கேட்கவேண்டும் என்று குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்தமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு அரைக்க உட்கார்ந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர், இங்கத்திய கரண்டில் நேராக ஓடாது. கல் போலக் கனக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று வேண்டும். அதைச் சமையலறையில் செருகினால் மொத்தக் கரண்டும் போய்விடும். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். ஹாலில் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரைப் போட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் செருகினேன். ரேடியோவைப் பிடுங்கிவிட்டு மிக்ஸி போட்டுப் பழகிய கை, யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே போலீஸ்காரர்கள் விலங்கோடு வந்துவிட்டார்கள். பெட்டியை வேண்டுமென்றே அணைத்ததாகக் குற்றம். அண்ணன் கிரைண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைகளை விலங்குக்கு நீட்டினார். பிடுங்கியது நான் என்று நான் சொல்லவில்லை.

ஓட்டல் முதலாளியிடம்தான் ஓடினேன். "நான் பேசினா வேலை குடுத்தவன் சப்போர்ட் பண்றான்னுடுவாங்க. தப்பு பண்ணது நீ, நீயே சொல்லுப்பா. நான் டிரைவ் வேணா பண்றேன்" என்றார். இங்கிலீஷ் வராதவன் எதைச் சொல்வது? கிரைண்டரையும் டிரான்ஸ்பார்மரையும் தூக்கிக்கொண்டு அவர் காரில் கண்காணிப்பு ஆபீசுக்குப் போனேன். வாசலில் காவலாளி இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டான். அண்ணனைக் கண்காணித்த அதிகாரி வயதான அம்மா, என்னைவிடக் களைத்த முகம். அவர் மேசையில் கிரைண்டரை வைத்தேன். மேசை விளக்கின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அந்த இடத்தில் என்னுடையதைச் செருகினேன். வெறும் கல் கடகடவென்று சுற்றியது.

"மீ. நாட் ஹிம். இட்லி" என்றேன்.

அணைந்த விளக்கையும் சுற்றும் கல்லையும் அந்த அம்மா மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெகுநேரம் எழுதினார்.

ஐந்து நாள் கழித்து, இதுதான் கடைசித் தடவை என்ற எச்சரிக்கையோடு அண்ணனை விட்டார்கள். என்னை அவர் திட்டவில்லை. நான் மாவரைக்கும்போதெல்லாம் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று வருடம் முடியும்வரை அப்படித்தான். தூக்கத்தில் தலை தொங்கினாலும் எழுந்து போகமாட்டார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், போய்ப் படுங்கள், இனிமேல் தொடமாட்டேன் என்றேன்.

"உன்ன நம்பாம இல்ல தம்பி" என்றார். "ஆனா உள்ள போறது நான்தானே."