ரிப்பேர் கார்டில் ஏறிய மணி நேரங்கள்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் அடக்க விலை போடும் காஸ்ட்டிங் கிளார்க்காக இருந்தேன். பட்டறை என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும், கம்பெனி என்று சொல்ல வேண்டும். தகரக் கூரை, முப்பது ஆட்கள், பெண்களுக்குத் தனிக் கக்கூஸ் கிடையாது. அதற்குப் பெயர் கம்பெனி. பி.காம். படித்துவிட்டு ஆவடியில் வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு ரயிலேறிப் போகிற தூரத்தில் கிடைத்தது அதுதான்.

வேலை கஷ்டமில்லை. ஒரு ஆர்டர் வந்தால் அதற்கு ஒரு கார்டு. ஸ்டோர்ஸிலிருந்து எத்தனை கிலோ இரும்பு போனது என்று அதில் எழுத வேண்டும். எந்த ஆள் எந்த மெஷினில் எத்தனை மணி நேரம் அந்த ஆர்டருக்கு வேலை செய்தான் என்று எழுத வேண்டும். அப்புறம் வாடகை, கரண்ட், சூப்பர்வைசர் சம்பளம், முதலாளி காருக்குப் பெட்ரோல். இவை எந்த ஆர்டருக்கும் சொந்தமில்லாத செலவு. ஆனால் யாராவது சுமக்க வேண்டும். அதனால் உழைத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று ஒரு ரேட் வைத்து எல்லாக் கார்டிலும் ஏற்றுவோம். கூட்டினால் அந்த ஆர்டரின் அடக்க விலை. விற்ற விலையிலிருந்து அதைக் கழித்தால் லாபமா நஷ்டமா என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு.

தகராறு எங்கே என்றால், ஆட்கள் எட்டு மணி நேரமும் ஆர்டருக்கு வேலை செய்வதில்லை. வாரத்தில் பாதி நாள் மத்தியானம் கரண்ட் போகும். இரும்பு வந்து சேராது. டிராயிங் தப்பாக இருக்கும், செய்ததையே திரும்பச் செய்வார்கள். ஆனால் கேட்டில் பஞ்ச் செய்த எட்டு மணி நேரத்துக்கும் கணக்கு காட்ட வேண்டும். இதற்குக் கார்டில் தனியாக ஒரு கட்டம் போடலாம் என்று சேர்ந்த புதிதில் சொன்னேன். முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சும்மா இருக்கிறதுக்கு நான் யாருக்கும் சம்பளம் குடுக்கலை. அப்படி ஒரு கட்டம் என் கம்பெனியில கிடையாது."

கட்டம் கிடையாது, நேரம் உண்டு. எங்கே போடுவது? சூப்பர்வைசர் எனக்கு வழி காட்டினார். "எல்லாத்தையும் ரிப்பேர் கார்டுல போட்டுடும்மா. உனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் பண்ணாரு."

ரிப்பேர் என்பது பட்டறையின் பின்மூலை. பக்கத்துக் கம்பெனிகளின் தேய்ந்த ஷாஃப்ட், உடைந்த கியர், பம்பு ஆகியவற்றைச் சரிசெய்து கொடுக்கும் இடம். துண்டு துண்டு வேலை என்பதால் மாதம் முழுவதற்கும் ஒரே கார்டு. மற்ற கார்டெல்லாம் ஆர்டர் முடிந்ததும் மூடிவிடும். இது மூடாது. அதனால் வீணான நேரமெல்லாம் அங்கே போய் விழுந்தது. முதலாளி அண்ணா நகரில் கட்டிய வீட்டுக்கு எங்கள் வெல்டர்கள் நாலு நாள் கிரில் கேட் செய்தார்கள். அதுவும் ரிப்பேர் கார்டில். என் கையால்தான் எழுதினேன்.

அந்த மூலையில் இரண்டு பேர். ஒருவன் சின்ன வயசு. இன்னொருவருக்கு நாற்பத்தைந்து இருக்கும், வெள்ளானூரிலிருந்து சைக்கிளில் வருவார். இடது கையில் மூன்று விரல் இல்லை. இதே கம்பெனியில் பிரஸ் மெஷினில் போனவை. கேஸ் போட்டுவிடாதே, ரிப்பேரில் உனக்கு ஆயுசுக்கும் வேலை உண்டு என்று அப்போது சமாதானம் சொல்லியிருந்தார்கள். அவரும் போடவில்லை. எஸ்டேட்டில் வேறு எந்தக் கம்பெனியும் அந்தக் கையைப் பார்த்துவிட்டு உள்ளே விடாது. அது எல்லோருக்கும் தெரியும்.

தொண்ணூறுகள் தொடங்கிய சமயத்தில் முதலாளியின் மகன் படித்துவிட்டு வந்தான். வந்ததும் கார்டுகளைப் புரட்டினான். ரிப்பேர் மாதா மாதம் நஷ்டம். மூலையை மூடு, ஒரு ஆளைக் குறை, சின்னவனை லேத்துக்கு மாற்று என்றான்.

அந்த நஷ்டம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் பழைய கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஆட்கள் மாதம் முழுக்க ஒரு நாள் லீவு போடாமல் உழைத்தாலும் நானூறு மணி நேரத்துக்கு மேல் வராது. போன மாதம் கார்டில் ஐந்நூற்று அறுபது. படித்தவன் அதைக்கூடக் கவனிக்கவில்லை. மிச்சம் நூற்றறுபது மணி நேரம் யார் யாருடையது என்று பஞ்ச் கார்டை வைத்துப் பிரித்தேன். முக்கால்வாசி, மகன் பிடித்து வந்த ஒரே ஒரு பெரிய ஆர்டரைத் திரும்பத் திரும்பச் செய்த நேரம். அதை அந்த ஆர்டரிலேயே போட்டால் அதுதான் நஷ்டம். ரிப்பேரில் லாபம் வருகிறது, கொஞ்சம்தான், ஆனால் வருகிறது.

எழுதிக்கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இந்தக் கார்டெல்லாம் யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார். சூப்பர்வைசர் சொன்னதால..."

"அவர் வாயால சொன்னாரு. நீ கையால எழுதின. இது பொய்க் கணக்குன்னா எழுதினவதானே முதல்ல வீட்டுக்குப் போகணும்?" பேப்பரை நாலாக மடித்து என்னிடமே நீட்டினார். "எடுத்துட்டுப் போம்மா. உங்க அப்பா ரிட்டயர் ஆயிட்டாருல்ல?"

ஆகியிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வாடகைக்கு வந்திருந்தோம். நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசி நாள் அந்த விரல் போனவர் ஆபீஸ் ரூமுக்கு வந்தார். செட்டில்மெண்ட் பேப்பரை நான்தான் போட்டிருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நகராமல் நின்றார்.

"இன்னா தங்கச்சி, நம்ம மூல நஷ்டத்துல ஓடுதுன்றாங்களே. நெசமாவா?"

சூப்பர்வைசர் அடுத்த மேஜையில் இருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஆமாண்ணே. கார்டுல அப்படித்தான் இருக்கு."

அவர் என் மேஜையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். "நீ எழுதுனா கரெக்டாத்தான் கீது. நான்தான் ஸ்லோவாப் பண்ணிகினு இருந்துக்கீறேன். இந்தக் கைய வெச்சிகினு வேற இன்னா பண்றது. பாவம், மொதலாளியும் எத்தினி வருசம் தாங்குவாரு."

பணத்தை எண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, உங்கள் கை மெதுவாக இல்லை, என் கைதான் பொய் எழுதியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு வேலை திரும்பி வந்திருக்காது. ஆனால் அந்த மனிதர் தன்னையே குறை சொல்லிக்கொண்டு வெள்ளானூர் வரைக்கும் சைக்கிள் மிதித்திருக்க மாட்டார். அதற்குக்கூட எனக்குத் துப்பில்லை. முதலாளியைத் திட்டுகிறவள் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூலையை மூடியதால் வாடகை குறையவில்லை. கரண்ட் போவதும் நிற்கவில்லை. அந்த மாதக் கடைசியில் நூற்று முப்பது மணி நேரத்துக்கு இடம் இல்லாமல் இருந்தது. சூப்பர்வைசர் கார்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"வெல்டிங்ல போட்டுடும்மா."

வெல்டிங்கில் நாலு பேர் இருந்தார்கள். எழுதினேன்.