அத்தை நெற்றியில் என் கட்டைவிரல்

எங்கள் வீட்டில் நல்ல காரியம் எது நடந்தாலும் என் வலது கட்டைவிரலைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேசாமல் விடமாட்டார்கள். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போதே என் அத்தைக்குக் கல்யாணம் முடித்துவைத்த விரலாம் அது.

அப்பா பெரம்பலூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பின்னால் ஓர் இருட்டறை. சிவப்பு பல்பு, வரிசையாக மூன்று தட்டுகள். முதல் தட்டில் படத்தை வரவழைக்கும் மருந்து, நடுவில் தண்ணீர், கடைசியில் வந்த படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. அங்கே அப்பா வைத்ததுதான் சட்டம். தாளை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். தட்டுக்கு ஓர் இடுக்கி, மாற்றக் கூடாது. ஹைப்போ பட்ட கையால் புதுத் தாளைத் தொட்டால் அந்த இடத்தில் படமே வராது, வெள்ளையாக நின்றுவிடும். அப்பா தாளில் படத்தை விழவைத்துக் கொடுப்பார். அவர் தங்கையான என் அத்தை அதை வாங்கித் தட்டில் போடுவாள். அவள் ஒருநாளும் சட்டத்தை மீறியதில்லை. நான்தான் வழவழவென்று இருக்கிறதே என்று ஹைப்போவில் விரலை விட்டு அளைந்துகொண்டிருப்பேன்.

அந்த வாரம் அத்தை, நர்ஸ் படிப்புக்கான விண்ணப்பம் ஒன்றை போட்டோத் தாள் வரும் கறுப்பு உறைக்குள் வைப்பதைப் பார்த்தேன். சாதாரணக் காகிதத்தைப் போய் வெளிச்சம் படாமல் பொத்தி வைக்கிறாளே, சரியான மக்கு அத்தை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தா.பழூர் வரன் வந்தது. கலர் படம் என்றால் திருச்சிக்கு அனுப்பிக் கழுவி வர நாலு நாள் ஆகும். "அதுக்குள்ள அவங்க வேற எடம் பாத்துருவாங்க. கையோட குடுங்க" என்று தரகர் முன்னறையில் உட்கார்ந்துவிட்டார். சரி, கறுப்பு வெள்ளையே போதும் என்று அப்பா அத்தையை நிறுத்திப் படம் எடுத்தார். பெரிய தாள் இரண்டே இரண்டுதான் மிச்சம் இருந்தது.

முதல் தாளில் கண் வந்தது, மூக்கு வந்தது. வாய் வரவில்லை. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல்!

"பாப்பா! ஹைப்போவுல கைய வுட்டியாடி?" என்று அத்தை அலறினாள்.

விட்டிருந்தேனே! அப்பா நறுக்கென்று தலையில் குட்டி, கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நிற்கச் சொன்னார். இரண்டாவது தாளில் கண், மூக்கு, வாய் எல்லாம் வந்தன. நெற்றியில் மறுபடியும் விரல்.

"நான் கைய கட்டிக்கிட்டுத்தானேப்பா நிக்கிறேன்?"

"முன்னாடியே ரெண்டு தாளையும் தொட்டு வச்சிருக்காண்ணே" என்றாள் அத்தை.

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். அத்தை கல்யாணம் என்னால் நின்றுபோகப் போகிறதே என்று தேம்பித் தேம்பி அழுதேன். தரகரோ அரியலூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஈரப் படத்தை விசிறிக்கொண்டே ஓடினார். "ஓரத்துல புடிங்க! ஓரத்துல புடிங்க!" என்று அப்பா தெருமுனை வரை கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

மூன்றாம் நாள் தரகர் பழத்தட்டோடு வந்தார்.

"பையனோட அம்மா சொக்கிப் போயிட்டாங்க. இந்தக் காலத்துல நெத்தி நெறைய துன்னூறு பூசிக்கிட்டுப் போட்டோவுக்கு நிக்கிற பொண்ணு எங்க கெடைக்கும்னு கேக்கறாங்க!"

சிறுவாச்சூர் கோயிலுக்குக்கூடப் பொங்கல் தின்ன மட்டுமே போகிறவள் என் அத்தை. வீடே என் விரலைக் கொண்டாடியது. அத்தை மட்டும் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அம்மா சொன்னாள். நானும் நம்பினேன்.

போன மாதம் தா.பழூர் போயிருந்தேன். அந்தப் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. சும்மா விளையாட்டாக என் கட்டைவிரலை அத்தையின் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. எட்டு வயது விரல் இதில் பாதிகூட இருந்திருக்காதே!

திரும்பினால் அத்தை நிற்கிறாள். மாமியாருக்காகப் பூச ஆரம்பித்த திருநீறு இன்றும் நெற்றி நிறைய இருக்கிறது.

"அளந்து பாக்க ஒனக்கு இத்தினி வருசமாச்சாடி?" என்று சிரித்தாள்.

"இன்னொரு தாள் இருந்திருந்தா என்ன அத்த பண்ணியிருப்ப?"

"மூஞ்சி பூராவும் வச்சிருப்பேன்."

அந்தக் கறுப்பு உறையை வெளிச்சத்தில் யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றுதான் அவள் விண்ணப்பத்தை அதில் ஒளித்திருக்கிறாள். மக்கு அத்தை இல்லை. அன்று அப்பா குட்டியது சரியான தலையில்தான்.