பெரியம்மாவின் தீர்த்தப் போத்தல்

பெரியம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளின் வாசலில் இறங்கினால், விளையாடிக்கொண்டிருக்கும் நாங்கள் கலைந்து ஓடுவோம். அவர் யாரையும் அடித்தவர் அல்ல. பகல் முழுவதும் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகளுக்குப் பால் புகட்டித் தொட்டில் ஆட்டுகிறவர். எங்களையெல்லாம் தூக்கி வளர்த்ததும் அவர்தான். அம்மாவுக்கு மூத்தவர். கணவரை இழந்த பின் தன் பிள்ளைகளையும் தம்பி தங்கைகளையும் ஒரே லயத்தில் தன் கண் எட்டும் தூரத்தில் வைத்திருந்தார். அவர் சரி என்று சொல்லாமல் எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்கக்கூட யாரும் போகமாட்டார்கள்.

ஆனால் கையில் அந்தப் போத்தலை எடுத்துவிட்டால் அவர் எனக்கு வேறு ஆளாகத் தெரிவார்.

அது பழைய இருமல் மருந்துப் போத்தல். பழுப்பு நிறம். உயிர்த்த ஞாயிறு பூசையில் மந்திரித்த தீர்த்தத்தை அதில் நிரப்பி, மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருப்பார். லிந்துலைப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த எங்கள் தோட்டத்துக்குச் சாமியார் மாதம் ஒரு முறை வந்தாலே பெரிது. இடையில் யாராவது சாகக் கிடந்தால் பெரியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய்ச் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, மெழுகுதிரியைக் கையில் பிடிக்க வைப்பார். உயிர் போனதும் உடம்பைக் குளிப்பாட்டித் தாடையைத் துணியால் கட்டிவிடுவார். மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டுக்காரர்களும் கூப்பிடுவார்கள். அங்கே தீர்த்தம் தெளிக்காமல், கிடப்பவரின் கையைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாராம்.

நான் கண்டது ஒன்றுதான். போத்தல் போன வீட்டில் கொஞ்ச நேரத்தில் ஒப்பாரி கிளம்பும்.

பெரியம்மாவின் கடைசி மகன், எனக்கு அண்ணன் முறை, அதையே பகிடியாக்கிவிட்டான். "டேய், எங்கம்மா போத்தல எடுத்துட்டாங்கடா. இன்னைக்கு எந்த லயத்துல விக்கெட்டு?" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. டிஸ்பென்சரியில் அதே மாதிரிப் போத்தலில் தந்த இருமல் மருந்தைக்கூட நான் குடிக்கமாட்டேன். ஏன் குடிக்கவில்லை என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் சுபாவம் எனக்கு இல்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் அம்மாவுக்கு நாள் ஆகுமுன்பே பிரசவ வலி கண்டுவிட்டது. ஆற்றுத் தண்ணீர் பாலத்தை மூடிக்கிடந்ததால் ஆஸ்பத்திரிக்கு லொறி போகவில்லை. அப்பா டிஸ்பென்சர் ஐயாவைத் தேடி மழையில் ஓடியிருந்தார். உள்ளே பக்கத்துக் காம்பரா அத்தை மட்டும் அம்மாவோடு இருந்தார். நான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சுவரோடு ஒட்டி நின்றேன்.

மத்தியானம்போல அத்தை தலையை வெளியே நீட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. சரியா மூச்சு விட மாட்டேங்குது, நீலம் பாரிச்சுக் கெடக்கு. ஓடு, பெரியம்மாவ கையோட கூட்டிட்டு வா!"

கூப்பிடாவிட்டால் அத்தை விடமாட்டார். கூப்பிட்டால் தங்கச்சி செத்துப்போவாள். அழுதுகொண்டே பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினேன்.

"அம்மாவுக்குப் பாப்பா பொறந்திருச்சு" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தைச் சொல்லாவிட்டால் போத்தலை எடுக்கமாட்டார் என்று எனக்கு ஒரு கணக்கு.

"இப்பவேவா? இன்னும் நாளு இருக்கேடா!" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "அழுதுச்சா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. மடியிலிருந்த குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். வழியில் தன் காம்பராவுக்குள் நுழைந்து வெளியே வந்தபோது கையில் போத்தல் இருந்தது.

அவரை முந்திக்கொண்டு ஓடி எங்கள் வாசற்படியில் ஏறி, இரண்டு கையையும் நிலையில் அகட்டி வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா இது, தள்ளு."

"உள்ள வராதீங்க பெரியம்மா. போத்தல் உள்ள வந்தா பாப்பா செத்துரும்."

"அட நாசமாப் போறவனே, என்ன பேச்சுடா பேசுற!" என்று உள்ளேயிருந்து அத்தை கத்தினார். "வாயிலயே ரெண்டு போடுங்கக்கா!"

பெரியம்மா போடவில்லை. மழைத்தண்ணீர் வடிகிற முகத்தோடு என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு போத்தலை என் கையில் திணித்தார்.

"சரிடா ராசா. நீயே வச்சிரு. கீழ மட்டும் போட்டுறாத."

என்னை நகர்த்திவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

பாம்பைக் கழுத்தோடு பிடித்திருப்பவன்போல அந்தப் போத்தலின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது. உள்ளே பெரியம்மா ஏதோ முணுமுணுப்பது கேட்டது. அம்மா விம்முவது கேட்டது. பிறகு எதுவுமே கேட்கவில்லை.

அப்புறம் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். இன்னொன்று. அத்தை "மாதாவே!" என்றார். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்.

பெரியம்மா வெளியே வந்து கையை நீட்டினார். போத்தலைக் கொடுத்தேன். மூடி திறக்கப்படவில்லை, தண்ணீர் குறையவில்லை. தங்கச்சியைக் காப்பாற்றியது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மழை விட்டபின் தங்கச்சியை ஞானஸ்நானத்துக்காகக் கோயிலுக்குத் தூக்கிப் போனோம். பீடத்தின் முன்னால் சாமியார் கேட்டார்.

"தண்ணி ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு சாமி" என்றார் பெரியம்மா.

"யாரு ஊத்தினது?"

"நான்தான் சாமி."

சாமியார் தலையாட்டிவிட்டு, ஞானஸ்நானத் தண்ணீரை இரண்டு முறை ஊற்றக்கூடாது என்று தைலம் மட்டும் பூசினார். போத்தல் முழு நேரமும் என் கையில் அல்லவா இருந்தது, ஊற்றத் தீர்த்தம் ஏது! என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, நற்கருணைப் பேழைக்கு முன்னால் நின்று பெரியம்மா பொய் சொல்கிறார். அப்படிப் பொய் சொன்னவர்கள் எங்கே போவார்கள் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பெரியம்மா இருமினால்கூட, இதோ சாவு வந்து கூப்பிட்டுவிட்டது என்று பயப்படுவேன். படுக்கும்போதெல்லாம் அவருக்காக ஒரு அருள்நிறைமரியே செபம் சொல்வேன். அது பழக்கமாகிப் பெரியவனான பின்னும் நிற்கவில்லை.

பெரியம்மா நன்றாக வயதாகித்தான் போனார். அவருக்குத் தாடை கட்டியது தங்கச்சி. அடக்கம் முடிந்து வந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா பழைய கேத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தங்கச்சியிடம் சொன்னார்.

"இந்தா, இதுல இருந்த தண்ணிதான். புள்ள தங்குமோ தங்காதோன்னு, கேத்தல் மூடில ஆறவச்சு ஒன் தலையில ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தாங்க. அப்பறம் நெஞ்சோட சேத்து சேலைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. நீ கத்துற வரைக்கும் விடலயே."

"தீர்த்தம் இல்லாமயா?" என்று கேட்டேன்.

"உசுருக்கு அவசரம்னா எந்தத் தண்ணியா இருந்தா என்னடா?"

தங்கச்சி சிரித்தாள். "அதான் எனக்குத் தேத்தண்ணி இல்லாம முடியல போல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா சொல்லாத ஒரு பொய்யை மன்னிக்கச் சொல்லி இத்தனை வருடம் நான் சொன்ன செபமெல்லாம் யார் கணக்கில் போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை.