செகண்டில் நின்ற பெண்

பி.எட். படிக்கிறவர்களைப் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பியபோது எனக்குக் கிடைத்தது, தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. நான் கணக்கு. வகுப்பு எடுத்துவிட்டு, பாடக் குறிப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் பிடிப்பதுதான் வேலை. முதல் நாளே தலைமையாசிரியை சிஸ்டர், "உங்களுக்குப் பாட வருமா?" என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் "வரும் சிஸ்டர்" என்றேன். அப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் என் வாய் அப்படித்தான் முந்திக்கொள்ளும்.

பள்ளியின் பாடகர் குழுவை நடத்திவந்த மிஸ், மாலத்தீவில் வேலை கிடைத்துப் போயிருந்தார். அந்த வருஷங்களில் யாராவது எங்கேயாவது போய்க்கொண்டேதான் இருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பாஸ்போர்ட் பேச்சு. சாலையோரத்து எஸ்.டி.டி. பூத்தில் எந்த நேரமும் கூட்டம். போன மிஸ் விட்டுச் சென்றது ஓர் ஆர்மோனியம், இரண்டு பெஞ்சு நிறையப் பெண்கள், ஆண்டு விழாவுக்காக அவரே மெட்டுப் போட்டிருந்த ஒரு மழைப் பாட்டு. எல்லோரும் ஒரே மெட்டில், ஒரே குரலாக, நன்றாகவே பாடினார்கள். எனக்கு அது போதவில்லை.

நான் லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவள். எங்கள் கோயில் பாடகர் குழுவில் மெட்டைப் பாடுகிறவர்கள் ஃபர்ஸ்ட். அதற்குக் கீழே வேறு வழியில், ஆனால் கூடவே போகிறவர்கள் செகண்ட். மெட்டை யார் வேண்டுமானாலும் பாடிவிடலாம். செகண்டுக்குக் காது வேண்டும். பக்கத்தில் அத்தனை பேர் மெட்டைப் பாடும்போது அதில் விழாமல் போக வேண்டும். "அவ செகண்ட் பாடுவா" என்பது எங்கள் வீட்டுப் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூடச் சொல்லிக்கொள்கிற தகுதி. எனவே ராத்திரியோடு ராத்திரியாக மழைப் பாட்டுக்கு ஒரு செகண்ட் எழுதினேன். மறுநாள் குழுவிலேயே நல்ல காது உள்ள ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, "நீ செகண்ட். மத்தவங்க உன்னைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாடணும்" என்றேன். கௌரவம் செய்ததாக நினைப்பு.

செகண்டுக்கென்று நான் பிரித்து வைத்திருந்த இடது பக்கத்துப் பெஞ்சுக்கு அவள் போனாள். ஃபர்ஸ்டில் நின்ற ஒருத்தி, "தள்ளி நில்லுடி செகண்ட் ஹேண்டு" என்றாள். சிரிப்பு. நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

இரண்டு நாள் பாடினாள். மூன்றாம் நாள் அவளைக் காணவில்லை.

"அவ வரமாட்டா மிஸ்," என்றாள் வகுப்புத் தலைவி.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வகுப்புலதான் உக்காந்திருக்கா. நீங்க அவள செகண்ட்ல போட்டுட்டீங்கல்ல."

"போட்டா என்ன?"

"அவ எப்பவும் ஃபர்ஸ்ட் மிஸ்," என்றாள் பொறுமையாக, கணக்கு டீச்சருக்கே இந்தக் கணக்குத் தெரியவில்லையே என்கிற மாதிரி.

அவள் இல்லாத செகண்ட், முதல் வரி தாண்டுவதற்குள் ஒவ்வொருத்தியாக நழுவி மெட்டில் போய் விழுந்தது. ஐப்பசி மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது, அதற்கு மேலாகக் கத்திப் பார்த்தேன். சிஸ்டர் ஜன்னலில் வந்து நின்றார். "பிள்ளைங்க நல்லாப் பாடிட்டிருந்தாங்க. இப்ப ஏதோ சண்டை மாதிரி இருக்கே. வெள்ளிக்கிழமை வந்து கேக்குறேன். சரியா வரலன்னா பழையபடி ஒரே குரலாப் பாடட்டும்."

நல்ல மனுஷி, அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் எனக்கு அந்த செகண்டை விட மனமில்லை. அந்தப் பெண் திரும்பி வந்தால் செகண்ட் நிற்கும். வராவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அது இல்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவளுடைய அம்மா வந்தார். அந்தப் பக்கத்து முஸ்லிம் பெண்களைப் போல வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, பாட்டு அறை வாசலிலேயே நின்றார். பெண் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அழைத்து உட்கார வைத்தேன்.

"நீங்கதான் பி.எட். டீச்சரா? சின்னப் புள்ளையா இருக்கீங்களே," என்றார். "எம் பொண்ணு என்னம்மா தப்பு பண்ணுனா?"

"ஐயோ, ஒண்ணும் பண்ணலக்கா. அவதான் நல்லாப் பாடுறா."

"நல்லாப் பாடுற புள்ளைய எதுக்கு செகண்ட்ல தள்ளுறீங்க?"

பிறகுதான் முழு விஷயமும் வந்தது. பெண்ணின் அத்தா சவுதியில். மாதாமாதம், ஊருக்கு வந்து திரும்புகிறவர் யாராவது கிடைத்தால், வீட்டிலிருந்து அவருக்கு ஒரு கேசட் போகும். வீட்டு விஷயம், மழை, மாமியார் வீட்டுச் சண்டை எல்லாம் பேசி முடித்ததும் கடைசியில் மகள் ஒரு பாட்டுப் பாடுவாள். இந்த முறை ஆண்டு விழாப் பாட்டைத்தான் கேட்டிருந்தார். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கிளம்புகிறார். மகளும் தனக்குக் கற்றுக்கொடுத்த செகண்டைத் தனியாகப் பாடிப் பதிவு செய்திருக்கிறாள்.

"போட்டுக் கேட்டேன் டீச்சர். அது பாட்டே இல்ல. பாட்டுக்குப் பக்கத்துல யாரோ நடந்து போற மாதிரி இருக்கு. இவ அத்தா கேட்டா என்ன நெனப்பாங்க? புள்ளைக்குப் பாட்டு வராமப் போச்சுன்னுதானே?"

எனக்கு ஒரே ஆச்சரியம். செகண்டை இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அதைச் சொல்கிற நேரமா அது? அவசரமாக ஓர் உதாரணத்தை எடுத்துவிட்டேன். "பூக்கட்டுறப்ப நார் இல்லன்னா பூ நிக்குமாக்கா? அந்த மாதிரிதான்..."

"அப்ப எம் பொண்ணு நாரா?"

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டிக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். எனக்குக் கையில் வேறு உதாரணம் இல்லை. சட்டென்று கேட்டேன்: "அந்தப் பாட்டோட மெட்டு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ஒரு மாசமா வீட்டுல அதானே ஓடுது. தெரியாம இருக்குமா?"

"அப்ப நீங்க பாடுங்க. அவ கூட வரட்டும்."

"நானா? நல்லாருக்கே கதை," என்று எழுந்துவிட்டார். கதவைச் சாத்தினேன். மழைச் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது என்றேன். மகள் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்து, "பாடும்மா, கொல்லையில துணி துவைக்கறப்ப மட்டும் பாடுவியே," என்றாள். அவர் அவளை ஒரு முறை முறைத்தார். அப்புறம் சுவரைப் பார்த்து ஆரம்பித்தார்.

மெல்லிய குரல். இரண்டாவது வார்த்தையில் மகள் கீழேயிருந்து சேர்ந்தாள். அம்மா நாலு வார்த்தை போவதற்குள் வழுக்கி மகளுடைய வழிக்கே போய்விட்டார்.

"இவ என்னைய இழுக்குறா டீச்சர்."

"நீ ஏம்மா என் கூட வர்ற? உன் பாட்ட நீ பாடு. காதைப் பொத்திக்கோ."

என்னிடம் கற்றுக்கொண்டதையே அவள் திருப்பிச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அதுவே பெரிய காரியம். அம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுபடி பாடினார். விழுந்தார். மறுபடி. எத்தனையாவது முறையோ, பல்லவி முழுக்க இரண்டு குரலும் இரண்டாகவே போய், கடைசிச் சொல்லில் ஒன்றாக வந்து நின்றன.

அவர் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்படியே மகள் பக்கம் திரும்பினார். "இது கஷ்டமாவுல்ல இருக்கு," என்றார் மகளிடம். "இவ்வளவு பேருக்கு நடுவுல நீ எப்படிடி விழாம நிக்கிற?"

மறுநாளே அவள் இடது பக்கத்துப் பெஞ்சில் இருந்தாள். 'செகண்ட் ஹேண்டு' என்றவளிடம், "எங்கம்மாவாலயே பாட முடியல, நீ வந்து பாடு பாப்போம்," என்று கூப்பிட்டு நிறுத்தி, ஒரே வரியில் விழவைத்தாள். வெள்ளிக்கிழமை சிஸ்டர் வந்து கேட்டுவிட்டு, "சண்டை ஓய்ஞ்சிருச்சு," என்று மட்டும் சொல்லிப் போனார். ஆண்டு விழாவில் பாட்டு இரண்டு குரலில்தான் நடந்தது. மைக் பாதியில் படுத்துவிட்டது என்றாலும் நடந்தது.

இப்போது சென்னையில் ஒரு பெரிய பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பாட்டுக்குத் தனி ஆள், தனி அறை, கீபோர்டு எல்லாம் இருக்கிறது. எப்போதாவது அந்த அறையைத் தாண்டிப் போகையில் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கொண்டு விழுகிற சத்தம் கேட்டால், அந்த ஓட்டுக் கூரையும் ஈரத் துப்பட்டி வாசனையும் வந்துவிடும்.

கேசட்டில் அம்மாவும் மகளும் சேர்ந்துதான் பாடி அனுப்பினார்கள். என் பயிற்சி முடிகிற வாரத்தில் அந்த அம்மா பள்ளிக்கு வந்து, பூத்துக்குச் சவுதியிலிருந்து போன் வந்த கதையைச் சொன்னார்.

"பாட்டு ரொம்ப நல்லாருக்குன்னாங்க. ஆனா மேல பாடுறது பொண்ணு, கீழ பாடுறது நான்னு நெனச்சுட்டாங்க டீச்சர். இல்லங்க, மேல நான்தான்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குறாங்க. மாசாமாசம் கேசட்டுல கேட்டாலும், அவங்க காதுல இவ இன்னும் அவங்க போறப்ப இருந்த கீச்சுக் குரல்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்தில் நின்ற மகள் சிரிக்கவில்லை. நான் அவசரப்பட்டு, வேண்டுமானால் அடுத்த கேசட்டுக்கு நீ மெட்டையே பாடு என்றேன்.

"வேணாம் மிஸ். செகண்டே பாடுறேன்," என்றாள். "பாடறதுக்கு முன்னாடி என் பேரச் சொல்லிர்றேன்."