காலிப் பலூன்

எங்கள் பதிப்பகத்தில் அவரைப் பலூன் என்றுதான் கூப்பிடுவோம். படக்கதைகளில் ஆட்களின் வாய்க்குப் பக்கத்தில் வெள்ளையாக ஊதியிருக்குமே, அந்தப் பேச்சுப் பலூன்களுக்குள் தமிழை உட்கார வைப்பது அவர் வேலை. பெயர் வைத்தது நான். பதிலுக்கு அவர் எனக்கு டீச்சர் என்று வைத்தார். பிழை பார்ப்பது என் வேலை, கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும், அதனால் மறுத்துப் பேச வழியில்லை.

அவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார். தனியாக அல்ல. அவர் மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பைச் சத்தமாகப் படிப்பார். "அடுத்த பக்கம், மூணாவது பலூன்" என்று தொடங்கி, பேய்க்குப் பேய்க்குரல், குழந்தைக்குக் குழந்தைக்குரல். இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார், காதில் விழுந்ததைக் கை அதுபாட்டுக்கு அடிக்கும். இதில் ஒரே ஆபத்து, அந்த அம்மாவுக்கு வாய் ஓயாது. பலூன் காலியாக இருந்தால் "காலி" என்று சொல்லிவிட்டு, கிடைத்த இடைவெளியில் வீட்டுப் பேச்சை எடுப்பார். இவர் அதையும் அடித்துவிடுவார். ஒருமுறை, ஊரையே எரித்துவிட்டு நிற்கும் அரக்கன், "ஐயையோ, அடுப்புல பால் வெச்சேனே" என்று சொல்லிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். அலுவலகமே வயிறு வலிக்கச் சிரித்தது.

போன வருடம் அந்த அம்மா இறந்துபோனார். படித்துக்கொண்டிருந்தபோதே, அந்த நாற்காலியிலேயே. மாரடைப்பு என்றார்கள். அதற்குப் பிறகு பலூன் அலுவலகப் பக்கம் தலைகாட்டவில்லை. போனை எடுக்கவில்லை. பக்கங்கள் மட்டும் மின்னஞ்சலில் ஒழுங்காக வந்தன, ஒரு பிழைகூட இல்லாமல். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அப்போது பார்த்து முதலாளி ஒரு மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வாங்கினார். மனைவியைப் பறிகொடுத்த ஒருவன் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறான். செத்தவள் அவனோடு பேசுகிறாள். ஆனால் அவளுடைய பலூன்கள் எல்லாம் காலி. அவள் பேசுவது அவனுக்கு மட்டும்தான் கேட்கும், படிக்கிறவர்களுக்குக் கேட்காது. இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அவன் ஒவ்வொரு ஜன்னலாக அடைக்கிறான். அத்தியாயம் போகப் போக அந்தக் காலிப் பலூன் பெருத்துக்கொண்டே வரும். இதைப் போய் அவரிடம் கொடுக்காதீர்கள் என்று முதலாளியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"வேலை வேற, வீடு வேறம்மா" என்றார் முதலாளி. வேலையே வீட்டில் நடக்கிற ஆளைப் பற்றி!

முதல் அத்தியாயம் வந்தது. செத்தவளின் பலூன்கள் காலியாக இல்லை. "ஈரத் துண்டை நாற்காலி மேல போடாதீங்க" என்றாள் ஒரு பக்கத்தில். "கேஸை அணைச்சீங்களா?" என்றாள் இன்னொன்றில். மொழிபெயர்த்த தம்பியைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"அக்கா, சத்தியமா நான் காலின்னுதான் போட்டிருக்கேன்" என்று அவன் தன் பிரதியைத் திறந்து காட்டினான். காலி என்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பார்த்து அடிக்கச் சொல்லி பலூனுக்கு எழுதினேன். "எதை டீச்சர் சொல்றீங்க? அதுல இருக்கறதத்தானே அடிச்சேன்" என்று பதில் வந்தது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த அத்தியாயத்திலும் அதே கதை. இந்த முறை ஒரு பலூனில், "டீச்சர் வந்தா டீ போட்டுக் குடுங்க. சர்க்கரை வேண்டாம்னு சொல்லும், நம்பாதீங்க" என்று இருந்தது. அவர் வீட்டுக்குப் போவதென்று அன்று காலையில் பேருந்தில்தான் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. பேய் பிசாசு எதையும் நம்பாதவள் நான். இருந்தாலும் அந்த வரியை மூன்று முறை படித்தேன் என்பதை மறைப்பானேன்?

"இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நடுப்பகல். அந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. மின்விசிறியும் ஓடவில்லை. மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஈரத் துண்டு கதவில் தொங்கியது.

"சர்க்கரை வேண்டாங்க" என்றேன். சர்க்கரை போட்ட டீதான் வந்தது.

"உங்களுக்கு யாரு இப்ப படிச்சுச் சொல்றா?"

"யாரும் இல்லையே. நானே பாத்துதான் அடிக்கறேன்." திரையைத் திரும்பிப் பார்த்தார். "அப்படித்தான் நெனைக்கறேன். ஆனா அடிச்சு முடிச்சா தொண்டை வறண்டு கெடக்குது டீச்சர். நான்தான் வாய்விட்டுப் படிக்கறேனா, இல்ல அவதான் படிக்கறாளா, ஒண்ணும் புரியல. ஃபேனைப் போட்டா அந்தக் குரல் நின்னு போயிடுது."

"வேலை போயிடும்ங்க. முதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு."

"வேலை போனாக்கூடப் பரவாயில்ல. அதோட சேந்து அவளும் போயிடுவாளே, அதான் பயமா இருக்கு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழத் தெரியாதவர்கள் செய்வதைத்தான் செய்தேன், அதட்டினேன். "கடைசி அத்தியாயத்தை இப்பவே முடிப்போம். நான் படிக்கறேன், நீங்க அடிங்க. உக்காருங்க." அவர் தடுப்பதற்குள் அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

படித்தேன். எனக்குப் பேய்க்குரலும் வராது, குழந்தைக்குரலும் வராது. பலூன் காலி என்றால் காலி என்று சொல்லி வாயை இறுக மூடிக்கொண்டேன். கதையில் அவன் கடைசி ஜன்னலையும் அடைத்தான். அவரும் ஒழுங்காக அடித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது. பலூன் பெருத்துப் பெருத்துப் பக்கம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

"கடைசிப் பக்கம். காலி" என்றேன்.

விசைப்பலகைச் சத்தம் நிற்கவில்லை. திரையைப் பார்த்தேன். வெள்ளைக்கு நடுவில் ஒரு வரி.

"என்னமோ பண்ணுதுங்க. கொஞ்சம் திரும்புங்க."

"நான் இதைச் சொல்லலையே!"

"நீங்க சொல்லல. அன்னைக்கு அவ சொன்னா." அவர் திரையைப் பார்த்தபடியே பேசினார். "காலின்னு சொன்னா, அப்புறம் இதைச் சொன்னா. அடிச்சேன். அடிச்சிட்டு அடுத்த பலூனுக்குக் காத்துட்டு உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம். திரும்பவே இல்ல டீச்சர். அப்புறம் அதை அழிச்சிட்டுத்தான் பக்கத்தை உங்களுக்கு அனுப்பினேன்."

எனக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. அந்தப் பக்கத்தையும் நான் பிழை பார்த்திருப்பேன். அதில் எந்தப் பிழையும் இருந்திருக்காது.

அவர் மெதுவாகத் திரும்பினார். நான் வந்ததிலிருந்து அந்த நாற்காலிப் பக்கம் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முகம் குழம்பிக் கிடந்தது.

"என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

யாரைக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னைத்தான் என்றால், எனக்கு ஒன்றும் பண்ணவில்லை, கண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. "இப்ப ஒண்ணும் இல்லங்க. ஜன்னலைத் தொறங்க, புழுக்கமா இருக்கு." என் குரல்தான். என் குரலாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். தெருவின் இரைச்சல் மொத்தமும் உள்ளே வந்தது, லாரி, ஹாரன், கீழே யாரோ யாரையோ திட்டுவது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

"பிழை பாத்துக்குங்க டீச்சர்" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

வெள்ளைப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்றேன்.