ஒட்டக் கனநாள் எடுக்கிற கப்பல்

பிள்ளைகளே, அந்த நீர்மூழ்கிக் கப்பலை ஓட்ட உங்களுக்குத் தெரியும். ஆனால் கடையில் இருந்த அத்தனை பெட்டிகளில் அந்தப் பெட்டியை நான் ஏன் எடுத்தேன் என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் பெரிதாகப் படித்தவனில்லை. பிழை கண்டால் அம்மாவைக் கேட்டுத் திருத்தி வாசியுங்கள்.

அம்மாவுக்கு ஹனோவரில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்து, நீங்கள் இருவரும் அவவோடு போன பிறகு வுப்பர்டால் வீட்டில் நான் மட்டும்தான். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வர எனக்கு வழியில்லை. ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை சனிக்கிழமை ரயிலில் வருவீர்கள். முதலில் மேடையிலேயே ஓடி வந்து கட்டிப்பிடித்தீர்கள். போகப் போக, மூத்தவள் ஞாயிறு காலைச் சாப்பாட்டிலேயே "எத்தனை மணிக்கு ரயில் அப்பா?" என்று கேட்கத் தொடங்கினாள். சின்னவள் போனோடு சோபாவில் கிடந்தாள். உங்களில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. சிநேகிதிகள் எல்லாரும் அங்கே. இங்கே என்ன இருக்கிறது, நானும் ஒரு தொலைக்காட்சியும். இப்படியே போனால் ஒரு சனிக்கிழமை வராமலே விட்டுவிடுவீர்கள் என்று எனக்குப் பயம் பிடித்தது.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை நாங்கள் போன பூங்காக் குளத்தில் யாரோ ஒருவர் றிமோட்டில் படகு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்குக் கீழாலை போறதும் இருக்கோ அப்பா?" என்று சின்னவள் கேட்டாள்.

"இருக்கும். ஆனா அப்பா ஓட்டினா திரும்பி மேலை வராது" என்றாள் மூத்தவள்.

மூன்று பேரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்துக் கனநாளாகியிருந்தது.

அடுத்த கிழமையே மேல்மாடி அண்ணையைக் கூட்டிக்கொண்டு மாதிரிக் கப்பல்கள் விற்கும் கடைக்குப் போனேன். அவருக்கு ஜெர்மன் என்னைவிட நன்றாக வரும். "இன்ரநெற்றிலை மலிவாக் கிடக்கு தம்பி, ஏன் கடைக்கு அலையிறீர்?" என்று வழிநெடுகப் போனில் ஒரு பெட்டியைக் காட்டிக்கொண்டு வந்தார்.

கடைக்காரர் என்னிடம் ஏதோ கேட்டார். நான் விளங்காமலே "யா, யா", ஓம் ஓம், என்றேன். எங்கட ஆட்களுக்கு அது பழகிப்போய்விட்டது. அரசாங்கக் கந்தோரில் கேள்வி முடிய முன்னரே யா சொல்லிவிடுவோம். இல்லையென்றால் இன்னொரு நாளுக்கு டெர்மின் தந்து திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அவர் கேட்டது, இதற்கு முன் கப்பல் கட்டிய அனுபவம் உண்டா என்று. யா சொன்னதும் உள்ளே போய் என் கை நீளத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கிவந்து திறந்தார். தண்ணீர்த் தாங்கி, பம்ப், குழாய்கள், பை பையாகப் பொடி ஆணிகள்.

அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "சைக்கிளுக்குக் காத்தடிக்கவே என்னைத்தானே கூப்பிடுறனீர். எப்ப கப்பல் கட்டினீர்?" பிறகு கடைக்காரருக்கு உண்மையைச் சொன்னார். மனிசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்து முடித்து ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அண்ணை சொல்லச் சொல்ல நான் கேட்டேன். ஒரு வகை தாங்கிக்குள் தண்ணீரை இழுத்துக் கனமாகி, நின்ற இடத்திலேயே தாழும். பார்க்க வடிவு, ஆனால் பம்ப் பழுதானால் அடியிலேயே கிடக்கும். மற்ற வகை தண்ணீரை விடச் சற்று இலேசு. ஓடும்போது பக்கத்தில் மீனுக்குப் போல இருக்கிற செட்டைகள் அதைக் கீழே அமத்தும். மோட்டார் நின்றால் தானாக மேலே வந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் நல்லதாம். இன்னொன்றும் சொன்னார். இப்போதைய றிமோட்டுகளின் அலை தண்ணீருக்குள் போகாது. நீள அன்ரெனாக் கம்பியை இழுத்துப் பிடிக்கிற பழைய வகைதான் வேலை செய்யும். அண்ணை காட்டிய மலிவுப் பெட்டியில் இருந்தது புதிய வகை. அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"பிள்ளைகளோடு என்றால் இதைக் கொண்டுபோங்கள். ஒரு பின்னேரத்தில் கட்டி முடித்துவிடலாம்" என்று கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. "கனநாள் எடுக்கிறது இல்லையோ?" என்று கேட்டேன். என் ஜெர்மன் பிழை என்று நினைத்தாரோ என்னவோ, அவர் அண்ணையைப் பார்த்தார்.

"என்ன கேக்கிறீர்? சனம் கெதியா முடியிறதைத்தானே தேடுது" என்றார் அண்ணை.

"கெதியா முடிஞ்சா பிள்ளையளும் கெதியா போயிடுவினம் அண்ணை."

அண்ணை கடைக்காரரைத் தள்ளிக் கூட்டிப்போய் மெல்ல ஏதோ சொன்னார். கடைக்காரர் வேறொரு பெட்டியோடு வந்தார். அதே இலேசான வகைதான். ஆனால் உடம்பு துண்டு துண்டாக வரும். ஒரு துண்டை ஒட்டினால் ஒரு முழுநாள் காயவிட்டுத்தான் அடுத்ததைத் தொடலாம். "கஷ்டமில்லை. காத்திருக்கத் தெரிந்தால் போதும்" என்றார். அதை வாங்கினேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை ஒட்டுவோம், ஞாயிற்றுக்கிழமை தொட ஏலாது. "இதென்ன, பாத்துக்கொண்டு இருக்கவோ வந்தனாங்கள்?" என்று மூத்தவள் சினந்தாள். ஆனால் புதன்கிழமை நீங்களாகவே தொலைபேசி எடுத்து, "காஞ்சிட்டுதோ அப்பா?" என்று கேட்டீர்கள். அதற்கு முன் கிழமை நடுவில் நான்தான் எடுப்பேன். "காஞ்சிட்டுது, வாங்கோ" என்று சொன்னபோது என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது.

குளத்தில் இறக்கிய அன்று அண்ணை புதுக் காருக்குக் கண்ணூறு கழிக்கக் கொண்டுவருவது போல ஒரு தேசிக்காயோடு வந்தார்.

"கப்பலுக்குச் சில்லு எங்கை பெரியப்பா? எதுக்குக் கீழை வைக்கிறது?" என்று சின்னவள் கேட்டாள்.

"என்ரை சப்பாத்துக்குக் கீழைதான்" என்று சொல்லி, கரையில் வைத்து ஒரே மிதியாக மிதித்தார். நாயோடு நடந்துபோன ஒரு மனுசி நின்று பார்த்துவிட்டுப் போனா.

கப்பல் ஓடியது. மஞ்சள் முதுகு தண்ணீருக்குள் மறைந்தது. நீங்கள் இருவரும் என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். மோட்டாரை நிறுத்தினேன். வாலைத் தொங்கப் போட்டபடி மெல்ல மெல்ல மேலே வந்தது. கத்தினீர்கள், துள்ளினீர்கள். பிறகு சின்னவள் கேட்டாள்: "அப்ப இனி என்ன செய்யிறது?"

ஸ்ரேசன் வரை அதையே யோசித்துக்கொண்டே வந்தேன். ரயில் வந்ததும் மூத்தவள் திரும்பிச் சொன்னாள்: "பின்பக்கத்தாலை தண்ணி போயிருக்கு, அதுதான் வால் பதிஞ்சது. நீங்கள் தனிய ஒட்டிப்போடாதேங்கோ. நாங்கள் வந்துதான்."

"வராட்டி?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"விசர்க்கதை கதையாதேங்கோ அப்பா" என்றபடி தங்கச்சியை உள்ளே தள்ளி ஏற்றினாள்.

வீட்டுக்கு வந்து கப்பலின் மேல்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு கரண்டி தண்ணீர் நின்றது. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, உள்ளே துவாயால் ஒற்றி எடுத்து, மூடியைப் பூட்டாமல் யன்னலோரம் காய வைத்தேன்.