படலைக்குள் அடங்காத பெட்டிகள்

எங்கள் ஊரில் ஒருவர் வெளியூரில் இராத் தங்குவதென்றால் அதற்கு ஒரு கலியாணமோ செத்தவீடோ திருவிழாவோ இருக்கவேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் ஆசுப்பத்திரி. சும்மா போய்ப் படுத்துவிட்டு வருகிறேன் என்றால் ஆளுக்கு விசர். எனக்கு விசர்தான். ஆனால் அது மோட்டார்சைக்கிளுக்குப் பெட்டி பூட்டுவதற்கு முதலே இருந்தது. பெட்டியைக் குறை சொல்லவேண்டாம்.

மனிசிக்கு ஒரு ஆசை. வேலணையில் எங்கள் கிணறு உவர். சவர்க்காரம் தேய்ந்துபோகுமே தவிர நுரைக்காது. முழுகினால் தலைமயிர் தும்புக்கட்டை மாதிரி நிற்கும். ஒருமுறை கலியாணம் ஒன்றுக்குப் போகும்போது வன்னியில் ஒரு குளக்கட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அவள் இறங்கி முகம் கழுவினாள். அதிலிருந்து, அந்தத் தண்ணியில் ஒருநாள் ஆறுதலாக முழுகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடும் போய்விட்டார்கள், அவள் இன்னும் முழுகவில்லை. அந்தக் குளத்துக்குப் பக்கத்தில் இப்போது அறை வாடகைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன், போகிறோம் என்றேன்.

பெட்டிகள் இரண்டையும் கனடாவுக்குப் போக நின்ற ஒருவரிடம் வாங்கினேன். பெரிய வண்டிக்கென்று செய்தவை. என்னுடையது இருமிக்கொண்டு ஓடுகிற கிழட்டு வண்டி. பூட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஆட்டுக்குட்டிக்கு இரண்டு பக்கமும் அலுமாரி கட்டினமாதிரி இருந்தது.

எழுத்து எனக்குச் சரியாக வராது. ஆனால் நான் மேசன், பாரம் தெரியும். கனமானது அடியில் இருக்கவேண்டும், இரண்டு பக்கமும் ஒரே நிறை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கடலுக்கு நடுவே போகிற பண்ணை வீதியில் கச்சான் காற்று அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் போகும், நாங்கள் ஒரு பக்கம் போவோம்.

நான் இரண்டு சாரம், ஒரு சேட்டு, ஒரு துவாய் வைத்தேன். என் பெட்டி முடிந்தது. அவள் தன் பெட்டிக்குள் அர்ச்சனைத் தட்டு வைத்தாள், கிளினிக் கொப்பி வைத்தாள், பிரஷர் குளிசை வைத்தாள், கடைசியாக ஒரு வெள்ளைச் சீலையையும் வைத்தாள். சீலை எதற்கு என்று கேட்டேன்.

"வழியில ஆரும் செத்தா?"

"எங்களுக்காக வழியில ஆர் சாகப்போகினம்?" என்று சீலையை எடுத்து வெளியே போட்டேன். தட்டையும் எடுத்தேன். குளிசையை மட்டும் விட்டேன், அவ்வளவுக்கு விசர் இல்லை.

வண்டியை ஸ்டார்ட் பண்ணி வாசல் படலைவரை வந்தேன். இரண்டு பெட்டியும் இரண்டு பக்கத்து வேலிக் கதியாலிலும் இடித்து நின்றன. ஊரில் எத்தனையோ பேருடைய வாசலை அளந்து கட்டியவன், என் சொந்தப் படலையை அளக்கவில்லை.

"நீங்கள் மேசன் எண்டு வெளியில சொல்லாதேங்கோ" என்றாள்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பெட்டியைக் கழற்றி, வண்டியை வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கைக்குத் தள்ளி, அங்கே வைத்துத் திரும்பப் பூட்டி அடுக்கினேன். வினை அங்கேதான் தொடங்கியது. ஒழுங்கையே வந்து நின்று பார்த்தது. முன்வீட்டு அக்காவின் கண் குளிசைப் பையில் நின்றது. கலியாணம் இல்லை, கோயில் இல்லை, செத்தவீடும் இல்லை. கணக்குப் பார்த்து முடித்துவிட்டு வீட்டுக்குள் போனவ, தோடம்பழமும் சத்துமாவும் கொண்டுவந்து மனிசியின் கையைப் பிடித்துக்கொண்டா.

"எந்த நோயெண்டாலும் வெள்ளண்ணப் பிடிச்சா மாத்தலாமாம், தங்கச்சி."

கடைக்கார அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டு, எந்த ஆசுப்பத்திரி, எத்தனையாம் வாட்டு என்று கேட்டார். குளிக்கப் போகிறோம் என்றேன். அவர் என் தோளில் கையை வைத்தார். "அழுறதெண்டா அழு தம்பி. அடக்காத."

திரும்பிப் பார்த்தால் மனிசி மதகில் இருக்கிறாள், முகம் செத்துப்போய். வேண்டாம், திரும்புவோம் என்றாள். முழுகிவிட்டு வந்து இந்தச் சனத்துக்கு என்னத்தைச் சொல்லுவது என்று கேட்டாள். எனக்கு அந்த இடத்தில் புத்தி வேலை செய்தது. என் புத்தி வேலை செய்தால் எப்போதும் கூடாததுதான். அவளுடைய காதுக்குள் சொன்னேன், "அப்ப ஆசுப்பத்திரிக்குத்தான் எண்டு சொல்லிப்போட்டுப் போவம்."

அவள் எழும்பினாள்.

"வருத்தக்காரி எண்டாத்தான் நான் வெளிக்கிடலாமோ?"

எனக்குச் சொன்னதுதான். ஆனால் ஒழுங்கை முழுவதும் கேட்டது. பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒரு நோயும் இல்லையக்கா. இவரோட போய் அறை எடுத்துப் படுத்து, விடியக் குளத்தில தலை முழுகப்போறன். வேற ஒரு அலுவலும் இல்லை."

"முழுகவோ?"

"ஓம். முழுகத்தான்."

கடைக்கார அண்ணை வேலியைப் பார்த்தார். அக்கா கையை நீட்டி, "அப்ப அந்தத் தோடம்பழத்தைத் தாரும், வருத்தக்காரர் ஆருக்கும் உதவும்" என்று வாங்கிக்கொண்டா. சத்துமாவும் போய்விட்டது. ஆரோக்கியமாக இருப்பதில் உள்ள நட்டம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

ஏறுவதுதான் பாடு. பெட்டிகளின் அகலத்துக்கு அவளால் காலைத் தூக்கிப் போட ஏலாது. ஒரு கையை என் முதுகில் வைத்தாள், மற்றக் கையை அக்காவின் தோளில் ஊன்றி ஏறினாள். அக்கா அசையாமல் நின்று கொடுத்தா.

பண்ணை வீதியில் கச்சான் நன்றாகத்தான் அடித்தது. வண்டி ஆடவில்லை. நான் அடுக்கினது, ஆடாது. ஊர் இப்போது என்ன கதைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டு ஓட்டினேன். அவள் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள்.

"நாளைக்கே திரும்பி வரவேணுமோ?"